கடைசி இடத்து ஹாக்கி அணி உங்கள் கைக்கு வந்தால்: சிம் லீக் புது ஜி.எம்.களுக்கான வழிகாட்டி

ஐஸ் ஹாக்கி ஆட்டங்களைக் கணினி மென்பொருளில் ஓட்டும் சிம் லீக்கில் புதிதாகச் சேர்பவருக்கு யாரும் நல்ல அணியைத் தூக்கிக் கொடுப்பதில்லை. முந்தைய ஜி.எம். (அணியின் மேலாளர்) பாதியில் போட்டுவிட்டுப் போன அணிதான் காலியாக இருக்கும். புள்ளிப் பட்டியலில் அது அடியில் கிடக்கும், சம்பளச் சுமை தலைக்கு மேல் இருக்கும், டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளைஞர்களை எடுக்கும் நிகழ்வில், நல்ல தேர்வுகள் ஏற்கெனவே கைமாறியிருக்கும். அந்த அணியை வாங்கிய முதல் வாரத்தில் புது ஆட்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைச் சரிசெய்ய இரண்டு மூன்று சீசன் போய்விடுகிறது.

இங்கே பேசுவது எஸ்.டி.எச்.எஸ். என்ற மென்பொருளில், நிஜ என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டக்காரர்களையும் அவர்களுடைய நிஜச் சம்பளத்தையும் வைத்து நடக்கும் லீக்குகளைப் பற்றி. ஃப்ராஞ்சைஸ் ஹாக்கி மேனேஜரில் நடக்கும் லீக்காக இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். 6-ம் படி மட்டும் பொருந்தாது. அதில் ஆட்டக்காரர் வளர்வதும் தேய்வதும் மென்பொருளின் கையில்.

ஆட்டமே தெரியாதவருக்குத் தேவையான அளவு: 20 நிமிடம் வீதம் மூன்று பீரியட். பனிக்களத்தில் ஒரு நேரத்தில் மூன்று ஃபார்வர்டு, இரண்டு டிஃபென்ஸ், ஒரு கோலி (கோல் காப்பவர்). ஒரு ஆட்டத்துக்கு 12 ஃபார்வர்டு, 6 டிஃபென்ஸ், 2 கோலி என 20 பேரைத் தயார்படுத்துவது வழக்கம். வெற்றிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத்திலோ ஷூட்டவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி. நீங்கள் ஆளைச் சேர்க்கிறீர்கள், சம்பளத்தைப் பார்க்கிறீர்கள், யார் யாரோடு எவ்வளவு நேரம் ஆடுவது என்று எழுதித் தருகிறீர்கள் (லைன் என்பது இதுதான்). ஆடுவது மென்பொருள்.

1. விண்ணப்பிக்கும் முன் ஐந்து கேள்வி

காலியாக இரண்டு மூன்று அணி இருந்தால் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். லீக்கை நடத்தும் கமிஷனரிடம் இவற்றைக் கேளுங்கள்:

அடுத்த மூன்று ஆண்டுக்கான முதல் சுற்றுத் தேர்வுகள் இன்னும் அணியிடமே இருக்கின்றனவா? ஆளே இல்லாமல் கேப்பை (அணியின் சம்பள உச்சவரம்பை) தின்னும் பணம், அதாவது டெட் கேப், எவ்வளவு, எந்த ஆண்டு வரை? 24 வயதுக்குட்பட்டவர்களில் தினமும் ஆடக்கூடியவர் எத்தனை பேர்? வாரம் எத்தனை சிம் (மென்பொருள் ஆட்டங்களை ஓட்டுவது), லைன் அனுப்பக் கடைசி நேரம் எது? ரேட்டிங்கை எப்போது, எந்த அடிப்படையில் புதுப்பிக்கிறார்கள்?

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். சொந்த முதல் சுற்றுத் தேர்வு கையில் இல்லாத கடைசி இடத்து அணி என்றால், நீங்கள் தோற்கத் தோற்க இன்னொருவர் வளர்வார். மற்ற நான்கும் நன்றாக இருந்தாலும் அந்த அணியைத் தவிர்ப்பது நல்லது.

செலவு பெரிதாக இல்லை. பெரும்பாலான லீக்குகளில் சேர்வதற்குக் கட்டணம் கிடையாது, ஜி.எம்.களுக்கான கிளையன்ட் மென்பொருளும் இலவசம். அது விண்டோஸில் ஓடுவது, ஆகவே மேக் வைத்திருப்பவர்கள் இணையப் பக்கம் வழியாக லைன் போட வசதி உண்டா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். உண்மையான செலவு நேரம்தான். முதல் வாரம் எட்டுப் பத்து மணி நேரம் பிடிக்கும், பிறகு வாரம் மூன்று மணி நேரம் போதும். அதுவும் முடியாது என்றால் சேராதீர்கள். அனாதை அணிகள் உருவாவதே இப்படித்தான்.

விண்ணப்பத்தில் பத்து வரி போதும்: உங்கள் நேர மண்டலம், வாரத்தில் எந்த நாட்களில் இணையத்தில் இருப்பீர்கள், முன் அனுபவம், அணியைப் பற்றி நீங்கள் கவனித்த இரண்டு விஷயம். "இரண்டே வருடத்தில் கோப்பை" என்று எழுதினால் அனுபவம் இல்லை என்பதை நீங்களே சொன்னதாகிவிடும்.

2. முதல் நாளே திரட்ட வேண்டிய ஆவணங்கள்

லீக்கின் விதிப்புத்தகம், அணியின் ஒப்பந்தப் பட்டியல், டிராஃப்ட் தேர்வுப் பேரேடு, விற்ற ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கை நம் அணியே ஏற்ற ஒப்பந்தங்களும் பைஅவுட்களும் (பணம் கொடுத்து முன்கூட்டியே முடித்த ஒப்பந்தங்கள்), ஒப்பந்தம் போடாத இளைஞர்களின் உரிமைப் பட்டியல், இன்றைய தேதியிட்ட லீக் ஃபைல். இந்த ஆறும் கையில் வரும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள். ஆட்டக்காரருக்கு ஒரு வரி: பெயர், வயது, இடம், ஒட்டுமொத்த ரேட்டிங், ஆண்டுச் சம்பளம், மீதி ஆண்டு, டிரேடுக்கு (அணிகளுக்கிடையே ஆள் மாற்றத்துக்கு) மறுப்புரிமை உண்டா, வேவர் (மற்ற அணிகள் அவரை இலவசமாக எடுத்துக்கொள்ள விடுவது) இல்லாமல் கீழ்நிலை அணியான ஃபார்ம் டீமுக்கு அனுப்ப முடியுமா.

தேர்வுப் பேரேட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய டிரேடு அறிவிப்புகளைத் தேதி வாரியாகப் படித்து ஒவ்வொரு தேர்வையும் டிக் அடியுங்கள். நிபந்தனைத் தேர்வுகள் பேரேட்டில் ஏறாமல் விட்டுப்போவது சகஜம். 'பிளேஆஃப் எட்டினால் 2-ம் சுற்று, இல்லையேல் 3-ம் சுற்று' என்று முந்தைய ஜி.எம். ஒப்புக்கொண்டது உங்களையும் கட்டும். இளைஞர்களின் உரிமை காலாவதியாகும் தேதியும் அப்படித்தான். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் காலையில் உங்கள் நல்ல ஆள் எல்லோருக்கும் பொதுச் சொத்தாகியிருப்பார்.

விதிப்புத்தகத்தில் குறிப்பாகத் தேட வேண்டியது, என்.எச்.எல். விதி மாறும்போது லீக் விதியும் கூடவே மாறுமா என்பது. 2026-27 சீசனிலிருந்து என்.எச்.எல்.லில் 82-க்குப் பதில் 84 ஆட்டம், சொந்த ஆளுக்கு அதிகபட்ச ஒப்பந்தம் 8 ஆண்டிலிருந்து 7 ஆண்டு. உங்கள் லீக் எதைப் பின்பற்றுகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பள விவரத்துக்கு இப்போது பக்பீடியா, இளைஞர்களுக்கு எலைட் ப்ராஸ்பெக்ட்ஸ், ஆட்டப் புள்ளிவிவரத்துக்கு நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக். பழைய வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் கேப்ஃப்ரெண்ட்லி 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

3. முதல் இரண்டு வாரம் டிரேடு வேண்டாம்

நீங்கள் சேர்ந்த அறிவிப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு பேர் தனிச் செய்தியில் வருவார்கள். எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள். வந்த காரணம் ஒன்றுதான்: உங்கள் சரக்கின் விலை உங்களுக்கு இன்னும் தெரியாது.

அதிகம் வரும் பேரம் 'ஒன்றுக்கு மூன்று'. உங்கள் சிறந்த ஆள் ஒருவருக்கு அவர்களுடைய நடுத்தர ஆட்கள் மூவர். கூட்டிப் பார்த்தால் லாபம் போலத் தெரியும். ஹாக்கியில் களத்தில் இறங்கும் இடங்கள் எண்ணப்பட்டவை. நடுத்தர ஆட்களை வேவரில் இலவசமாகவே எடுக்கலாம், உச்சத்தில் இருப்பவரை எங்கும் எடுக்க முடியாது. சிறந்த ஆளை யார் வாங்கினாரோ அவருக்கே லாபம் என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒன்பது முறை சரியாக வரும்.

'விதிப்புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்ன தேதிக்குப் பிறகு பேசலாம், உங்களுக்கு யார் மேல் கண் என்று மட்டும் சொல்லி வையுங்கள்' என்று எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்புங்கள். அந்தப் பதில்களே உங்கள் சந்தை நிலவரம். நான்கு பேர் ஒரே ஆளைக் கேட்டால் அவர் விலை நீங்கள் நினைத்ததைவிட அதிகம்.

வேவருக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. என்.எச்.எல். முறையைப் பின்பற்றும் லீக்கில் வேவரில் விடப்பட்டவரைக் கேட்கும் முதல் உரிமை கடைசி இடத்து அணிக்கு. அக்டோபர் முழுக்கப் போன சீசன் தரவரிசையும், நவம்பர் 1 முதல் நடப்பு தரவரிசையும் செல்லும். தோற்கும் அணிக்குக் கிடைக்கும் ஒரே இலவசச் சலுகை இது. சீசன் தொடக்கத்தில் அணிகள் 23 பேராகக் குறைக்கும் நாட்களில் தினமும் பாருங்கள், குறிப்பாக மாற்று கோலிகளை.

4. லைன் ஃபைலைச் சரிசெய்யுங்கள்

ஒரு பைசா செலவில்லாமல், யாரையும் விற்காமல், அடுத்த சிம்மிலேயே பலன் தெரியும் வேலை இதுதான். விட்டுப்போன அணிகளில் மாதக்கணக்கில் யாரும் லைன் அனுப்பியிருக்க மாட்டார்கள். காயம்பட்டவர் இடத்தில் மென்பொருள் யாரையோ போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும்.

வரிசை இது. புது லீக் ஃபைலை இறக்குங்கள். கிளையன்டில் திறந்து, ஆடப்போகும் ஆட்களையும் ஃபார்ம் ஆட்களையும் பிரியுங்கள். லைன் போடுங்கள். பிழைச் சோதனையை ஓட்டுங்கள். சேமித்து அனுப்புங்கள். அனுப்பியது ஏறிவிட்டதா என்று லீக் பக்கத்தில் பாருங்கள். நேற்று இறக்கிய ஃபைலில் இன்று லைன் போட்டால், நடுவில் ஒரு டிரேடோ காயமோ வந்திருந்தால் செல்லாமல் போகும். எந்த டிரேடு முடிந்தாலும் லைனைத் திரும்ப அனுப்ப வேண்டும். இதை மறந்து, எதிரணி ஆள் பெனால்டியில் வெளியே இருக்கும் பவர் பிளேயிலேயே ஆள் குறைந்து ஆடிய அணிகள் ஏராளம்.

5-க்கு-5 ஃபார்வர்டு நான்கு லைனுக்கும் நேரம் சதவீதத்தில்: பொதுவாக 40, 30, 20, 10. கூட்டினால் 100 வர வேண்டும். முதல் லைன் ஆட்களின் எண்ட்யூரன்ஸ் (தாங்கும் திறன்) குறைவாக இருந்தால் 40 என்பது அவர்களைச் சாறு பிழிவது, 35, 30, 20, 15 என்று மாற்றிப் பாருங்கள். டிஃபென்ஸுக்கும் நான்கு ஜோடி கேட்கும். நான்காவதில் முதல் இரண்டு ஜோடியிலிருந்து ஆளைத் திரும்பப் போடுங்கள், ஏழாவது ஆளைத் தேட வேண்டாம்.

ஒவ்வொரு லைனுக்கும் ஃபிசிக்கல், டிஃபென்ஸ், அஃபென்ஸ் என மூன்றுக்கும் சேர்த்து 5 புள்ளி பிரித்துத் தர வேண்டும். 1, 2, 2 என்று தொடங்குங்கள். முதல் லைனை 0, 2, 3 ஆக்கலாம், நான்காவதை 1, 3, 1. 'தோற்கிறோமே, கொஞ்சம் முரட்டுத்தனமாக ஆடட்டும்' என்று ஃபிசிக்கலை ஏற்றினால் பெனால்டிதான் ஏறும்.

சென்டர் இடத்தில் சென்டர் ஆளையே போடுங்கள். ரேட்டிங் அதிகம் என்று விங்கரை (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டை) அங்கே நகர்த்தினால் ஃபேஸ்ஆஃபும் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) போகும், இடம் மாறி ஆடுவதற்கான தண்டமும் விழும்.

பவர் பிளேயில் இரண்டு யூனிட், 60, 40. முதல் யூனிட்டுக்கு ஸ்கோரிங், பாஸிங், பக் ஹேண்ட்லிங் மூன்றையும் பாருங்கள், ஒட்டுமொத்த ரேட்டிங்கைப் பார்க்காதீர்கள். அந்த ஒட்டுமொத்த எண்ணில் டிஃபென்ஸும் செக்கிங்கும் கலந்திருக்கும். பெனால்டி கில்லுக்கு (நம் ஆள் பெனால்டியில் வெளியே இருக்கும்போது தடுத்து ஆடுவதற்கு) டிஃபென்ஸ் ரேட்டிங். பவர் பிளேயில் ஆடும் அதே ஆளைப் பெனால்டி கில்லிலும் போட்டால் மூன்றாம் பீரியடில் சோர்ந்துவிடுவார்.

பிறகு யாரும் எட்டிப்பார்க்காத பக்கங்கள்: மூவர் பெனால்டி கில், 4-க்கு-4, கடைசி நிமிடத் தாக்குதல், கடைசி நிமிடத் தற்காப்பு, கூடுதல் ஃபார்வர்டு, பெனால்டி ஷாட் வரிசை, கூடுதல் நேரம். ஒரு கோலில் முடியும் ஆட்டங்கள் இங்கேதான் தீர்கின்றன. பெனால்டி ஷாட்டுக்குத் தனி ரேட்டிங் உண்டு. நான்காவது லைனில் கிடக்கும் ஒருவருக்கு அது உச்சத்தில் இருக்கலாம்.

5. எங்கே ஒழுகுகிறது?

லைன் சரியான பிறகு பத்துப் பதினைந்து ஆட்டம் ஓடட்டும். அதற்குப் பிறகு வரும் எண்களே அணியின் உண்மை நிலை. ஹாக்கியில் தோராயமாக 6 கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்கு, அதாவது 2 புள்ளிக்குச் சமம். இந்த ஒரு அளவுகோல் இருந்தால் போதும்.

கோலியை முதலில் பாருங்கள். ஆட்டத்துக்கு 30 ஷாட் வாங்கினால் 82 ஆட்டத்துக்கு 2,460 ஷாட். தடுப்பு விகிதம் .890 உள்ளவருக்கும் .905 உள்ளவருக்கும் இடையே 37 கோல் வித்தியாசம். ஆறு வெற்றி, 12 புள்ளி. இதே 12 புள்ளியை ஃபார்வர்டுகளை வாங்கிச் சம்பாதிக்க முதல் லைன் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே கோல் அதிகம் வாங்கும் அணி டிஃபென்ஸ் ஆளைத் தேடி அலைவதற்கு முன் கோலியின் எண்ணைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் ஆட்டம் வந்தால் இரண்டாவது நாளுக்கு மாற்று கோலி.

அடுத்தது பெனால்டி. பவர் பிளே ஐந்தில் ஒன்று கோலாகும் என்று வையுங்கள். ஆட்டத்துக்கு ஒரே ஒரு பெனால்டி கூடுதலாக வாங்கினாலும் சீசனுக்கு 16 கோல், அதாவது இரண்டரை வெற்றிக்கு மேல். டிசிப்ளின் ரேட்டிங் அடிமட்டத்தில் இருக்கும் இருவரை நான்காவது லைனிலிருந்து எடுத்தாலே பாதி குறையும். சண்டைக்கு என்று ஒருவரை வைத்திருப்பது பழக்கதோஷம்.

ஷாட் கணக்கில் சமமாக இருந்தும் தோற்கிறீர்கள் என்றால், உங்கள் ஷூட்டிங் சதவீதம் 10-க்குக் கீழே கிடக்கிறதா என்று பாருங்கள். அது தானாக மேலே வரக்கூடியது. பதறி ஆளை விற்காதீர்கள்.

6. ரேட்டிங் போன வருடத்தது

அணியை நிமிர்த்தும் உண்மையான வழி இது. நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நடக்கும் லீக்கில், இப்போது திரையில் தெரியும் ரேட்டிங் பெரும்பாலும் போன நிஜ சீசனின் புள்ளிவிவரத்திலிருந்து வந்தது. கோடையில் புதுப்பிப்பார்கள். நடுவில் எட்டு மாதம் திரையில் ஒரு விலை, நிஜத்தில் ஒரு விலை. வெல்லும் அணிக்கு இன்றைய ரேட்டிங் தேவை. உங்களுக்கு அது தேவையில்லை, அடுத்த ஆண்டின் ரேட்டிங்கை இன்றைய விலையில் வாங்கலாம்.

இரண்டு உதாரணம். டேஜ் தாம்ப்சன் 2020-21-ல் பஃபலோ அணிக்காக 38 ஆட்டத்தில் 14 புள்ளி. 2021-22-ல் 38 கோலோடு 68 புள்ளி. அந்த ஆண்டு ஜனவரியில் பழைய ரேட்டிங்கைப் பார்த்து அவரை விற்கத் தயாராக இருந்திருக்கக்கூடிய ஜி.எம்.கள் உண்டு. மறுபக்கம் ஜொனாதன் ஹூபர்டோ. 2021-22-ல் ஃப்ளோரிடாவில் 115 புள்ளி, கால்கரிக்குப் போன 2022-23-ல் 55. அந்தச் சீசன் முழுக்க சிம் லீக்கில் அவர் 115 புள்ளி ரேட்டிங்கோடு உலவியிருப்பார். அதன் பின்னால் 2023-24 முதல் ஆண்டுக்கு 1.05 கோடி டாலர் வீதம் எட்டு ஆண்டு ஒப்பந்தம் காத்திருந்தது. அவரை வைத்திருந்தவர் டிரேடு டெட்லைனுக்கு (டிரேடு செய்யக் கடைசி நாளுக்கு) முன் விற்றாரா, இல்லையா என்பதில் அந்த அணியின் அடுத்த பல சீசன் அடங்கிவிடுகிறது.

ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை வாரம் ஒரு மணி நேரம் நிஜ என்.எச்.எல்.லுக்கு ஒதுக்குங்கள். வாங்க வேண்டியவருக்கு அடையாளம்: 21 முதல் 24 வயது, ஆட்ட நேரம் கூடியிருக்கிறது, முதல் பவர் பிளே யூனிட்டுக்கு ஏறியிருக்கிறார், ஆட்டத்துக்கு அடிக்கும் ஷாட் கூடியிருக்கிறது. கோல் மட்டும் கூடி ஷாட் கூடாமல், ஷூட்டிங் 18 சதவீதம் என்று இருந்தால் அடுத்த ஆண்டு இறங்கும். விற்க வேண்டியவர்: 31 தாண்டியவர், ரேட்டிங் உச்சத்தில், நிஜத்தில் ஆட்ட நேரம் இரண்டு நிமிடம் குறைந்திருக்கிறது.

கோலிகள் விஷயத்தில் இது இரட்டிப்பாகச் செல்லும். ஒரே சீசனில் ஏறி இறங்குவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மூன்று ஆண்டுச் சராசரி .902 என்று இருப்பவர் ஓர் ஆண்டு .921 எடுத்தால், புது ரேட்டிங் வெளியான வாரமே விலை பேசுங்கள்.

ஒரு பொறி: காயத்தால் நிஜத்தில் 15 ஆட்டம் மட்டும் ஆடியவரின் ரேட்டிங் என்னவாகும் என்பது லீக்குக்கு லீக் மாறும். சில லீக்கில் பழைய ரேட்டிங் தொடரும், சில லீக்கில் விழுந்துவிடும். பெரிய ஆள் காயம்பட்டார் என்று மலிவாக வாங்கும் முன் இந்த விதியைப் படியுங்கள்.

7. கேப் கணக்கு

2025-26-ல் என்.எச்.எல். சம்பள உச்சவரம்பு 9.55 கோடி டாலர், கீழ்வரம்பு 7.06 கோடி. தோற்கும் அணிகள் மறப்பது கீழ்வரம்பை. எல்லோரையும் விற்றுவிட்டு அதற்குக் கீழே போனால் பல லீக்குகளில் அபராதம்.

சுமையான ஒப்பந்தத்தை இறக்க நான்கு வழி, விலை குறைந்ததிலிருந்து:

காத்திருப்பது. மீதி ஓர் ஆண்டு என்றால் வேறு எதுவும் செய்யாதீர்கள். இந்த அணி இந்த ஆண்டு வெல்லப்போவதில்லை.

சம்பளத்தில் பாதி வரை நீங்களே ஏற்று விற்பது. 50 லட்சம் டாலர் ஆளை 25 லட்சத்துக்குக் கொடுத்தால் வாங்க வருபவர் கூட்டம் இரட்டிப்பாகும், தேர்வும் நல்லதாகக் கிடைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தத்துக்குத்தான் இப்படிச் செய்யலாம். முந்தைய ஜி.எம். இரண்டை ஏற்கெனவே செலவழித்திருக்கலாம், பேரேட்டைப் பாருங்கள்.

ஃபார்ம் டீமுக்கு அனுப்புவது. முழுச் சம்பளமும் மறையாது. 2025-26 கணக்கில் 11.5 லட்சம் டாலர்தான் கழியும். 40 லட்சம் டாலர் ஆளை அனுப்பினாலும் 28.5 லட்சம் கேப்பில் நிற்கும்.

கடைசியாக பைஅவுட். மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதி ஆண்டைப்போல இரு மடங்கு காலத்துக்குப் பரப்ப வேண்டும். ஆண்டுக்கு 60 லட்சம் வீதம் மூன்று ஆண்டு மீதி என்றால் மொத்தம் 1.8 கோடி, அதில் 1.2 கோடி, ஆறு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 20 லட்சம். முதல் மூன்று ஆண்டு 40 லட்சம் மிச்சம். அடுத்த மூன்று ஆண்டு, அதாவது உங்கள் இளைஞர்கள் பெரிய சம்பளம் கேட்கும் சரியான நேரத்தில், 20 லட்சம் வெறுமனே போகும். 26 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதான், அங்கே மட்டும் இது மலிவு.

ஓர் அணி அதிகபட்சம் 50 ஒப்பந்தம்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பையும் கவனியுங்கள். 48-ல் நின்றுகொண்டு 'ஒன்றுக்கு மூன்று' டிரேடு செய்தால் லைன் போட ஆள் இருக்கும், அடுத்த இளைஞருக்கு ஒப்பந்தம் போட இடம் இருக்காது.

8. டிரேடு பேசும்போது

உங்களிடம் விற்க ஆள் இல்லையென்றாலும் காலி கேப் இருந்தால் அதுவே சரக்கு. வெல்லும் அணிகளுக்கு மூச்சு முட்டும்போது அவர்களுடைய கெட்ட ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு கூடவே தேர்வு கேளுங்கள். நிஜத்திலேயே 2016 ஜூனில், ரஷ்யாவுக்குத் திரும்பவிருந்த பாவெல் டட்சுக்கின் 75 லட்சம் டாலர் சுமையை டெட்ராய்ட்டிடமிருந்து அரிசோனா ஏற்றது. 20-வது, 53-வது தேர்வுகளோடு ஓர் ஆளையும் கொடுத்து 16-வது தேர்வுக்கு ஏறியது. அதில் எடுத்த ஆள் ஜேகப் சிக்ரன். ஓர் ஆண்டு மட்டும் மீதியுள்ள சுமையை எடுங்கள். மூன்று ஆண்டு மீதி என்றால் முதல் சுற்றுத் தேர்வுக்குக் குறைந்து பேச வேண்டாம்.

நான்கு, ஐந்து, ஆறாம் சுற்றுத் தேர்வுகளை அள்ளிக் குவிப்பது புது ஆட்களின் இன்னொரு மயக்கம். ஒரு 2-ம் சுற்று, மூன்று 4-ம் சுற்றைவிட மேல். டிராஃப்டில் பலன் செங்குத்தாகச் சரியும்.

விற்பதற்கு நல்ல நேரம் டெட்லைனுக்கு முந்தைய ஒரு வாரம். கடைசி இரண்டு மணி நேரம் வரை இழுத்தால், வாங்க வேண்டியவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்.

டிஸ்கார்டு தனிச் செய்தியில் 'சரி' என்று சொன்னது டிரேடு ஆகாது. அதிகாரபூர்வ இடத்தில் இரு ஜி.எம்.களும் உறுதி செய்ய வேண்டும். எழுதும்போது ஆண்டு, சுற்று, அந்தத் தேர்வு முதலில் எந்த அணியுடையது, பிடித்துவைக்கும் சம்பளச் சதவீதம், நிபந்தனை இவை ஐந்தும் இருக்கட்டும். 'உங்கள் 2-ம் சுற்று' என்று மட்டும் எழுதி, அவரிடம் இரண்டு 2-ம் சுற்று இருந்தால், கிடைப்பது மட்டமானதுதான்.

9. டிராஃப்டும் தோற்பதும்

கடைசி இடம் வந்தால் முதல் தேர்வு உறுதி என்று நினைக்காதீர்கள். டிராஃப்ட் வரிசையைக் குலுக்கலில் முடிவுசெய்யும் என்.எச்.எல். லாட்டரி முறையில் கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்க 25.5 சதவீத வாய்ப்பு, மூன்றாவதுக்கு இறங்க 55.7 சதவீதம். மூன்றுக்குக் கீழே போகாது. ஆக, கடைசி இடத்தின் நிஜ மதிப்பு பெரும்பாலும் மூன்றாவது தேர்வு.

பஃபலோ 2014-15-ல் கடைசி இடத்தில் முடித்தது. லாட்டரியில் எட்மன்டன் வென்று கானர் மெக்டேவிட்டை எடுத்தது, பஃபலோவுக்கு ஜாக் ஐக்கல். 2012 முதல் 2025 வரை தொடர்ந்து 14 சீசன் பஃபலோ பிளேஆஃப் பார்க்கவில்லை. உயர்ந்த தேர்வுக்குப் பஞ்சமே இல்லாத அணி அது.

வேண்டுமென்றே தோற்பதை, அதாவது நல்ல கோலியை உட்காரவைப்பது, ஃபார்ம் ஆட்களை இறக்குவது போன்றவற்றைப் பல லீக்குகள் தண்டிக்கும். தேர்வையே பறிப்பதும் உண்டு. விற்க வேண்டியவர்களை விற்றுவிட்டு, இருப்பவர்களில் சிறந்த லைனை அனுப்புங்கள். அதற்கு மேல் தோல்வி தானாக வரும்.

18, 19 வயதில் ஒப்பந்தம் போட்டவரை அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். என்.எச்.எல். வழக்கில் சீசனில் 10 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு கழியாமல் தள்ளிப்போகும். தோற்கும் அணியில் பத்தாவது ஆட்டத்தை ஆடவைத்து ஒரு மலிவு ஆண்டை எரிப்பது வீண்.

10. டிக்கெட் விலை

லீக்கில் நிதி ஓடினால் மட்டும். அரங்கம் நான்கு நிலை, ஒரு சொகுசுப் பகுதி என ஐந்தாகப் பிரிந்திருக்கும். தோற்கும் அணியில் பழைய விலை அப்படியே கிடக்கும், இருக்கை காலியாக இருக்கும். ஒரு நிலையில் 5,000 இருக்கை, 60 டாலர், 70 சதவீதம் நிரம்பினால் 2,10,000 டாலர். 50 டாலராக்கி 90 சதவீதம் நிரம்பினால் 2,25,000. ஒரு நேரத்தில் ஒரே நிலையை மாற்றி, மூன்று சொந்த ஊர் ஆட்டம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

11. நேரம்

லீக் அறிவிப்புகள் பெரும்பாலும் கிழக்கு அமெரிக்க நேரத்தில் வரும். டொராண்டோவில் இருப்பவருக்குச் சிக்கல் இல்லை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடைநேரத்தில் ஒன்பதரை மணி நேரம் கூட்டுங்கள். லைன் அனுப்பக் கடைசி நேரம் இரவு 10 என்றால் உங்களுக்கு மறுநாள் காலை 8.30, கோடைநேரத்தில் 7.30. சிங்கப்பூரில் 11, 10. மாறும் நாள்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் பிந்தி லைன் தவறவிடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

டிரேடு டெட்லைன் நிஜ லீக்கோடு ஒத்துப்போனால், மார்ச் தொடக்கத்தில் அங்கே பிற்பகல் 3 மணி. கோடைநேரம் தொடங்கும் முன் வந்தால் இந்தியாவில் நள்ளிரவு 1.30. பேச்சை முந்தைய நாளே முடித்துவிட்டு உறுதிப்படுத்தலை மட்டும் இரவுக்கு வையுங்கள். ஜூலை 1 நண்பகல் திறக்கும் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்தவர்களை எந்த அணியும் எடுக்கலாம்) உங்களுக்கு இரவு 9.30, அது வசதியான நேரம். அதற்கு முன் ஜூன் கடைசியில் டிராஃப்ட். ரேட்டிங் புதுப்பிப்பு வரும் நாளுக்குச் சில நாள் முன்பே பல லீக்குகளில் டிரேடுகளை நிறுத்திவைப்பார்கள். 6-ம் படியில் சொன்ன வாங்கல் விற்றல் எல்லாம் அந்தத் தேதிக்கு முன் முடிந்திருக்க வேண்டும். அது என்றைக்கு என்று கமிஷனரிடம் இன்றே கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.